எத்தனை ஜிபி என்பது கடைசிக் கேள்வி

மெமரி கார்டு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை ஜிபி என்றுதான். 64-ஆ, 128-ஆ, 512-ஆ? கார்டின் முகத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பதும் அந்த எண்தான். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் வேறொன்றைத் திருப்பிக் கேட்பேன்: இந்தக் கார்டு நாளைக்குச் செத்துப்போனால் உங்களிடமிருந்து என்ன போகும்?

கையடக்க கேம் கன்சோலிலும் கேமராவிலும் போடுவது பெரும்பாலும் ஒரே குடும்பத்துக் கார்டுகள்தான். ஆனால் செய்கிற வேலை நேர் எதிர். கன்சோல் கார்டில் கிடப்பவை பிரதிகள். காசு கொடுத்து வாங்கிய கேம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. கார்டு போனால் இன்னொன்றைப் போட்டு ராத்திரி முழுக்க டவுன்லோடு செய்யவிட்டால் முடிந்தது. எரிச்சல்தான், இழப்பு இல்லை. கேமராவில் அப்படி இல்லை. ஷட்டரை அழுத்திய நொடியிலிருந்து கணினியில் நகல் எடுக்கும் வரை, அந்தப் படம் உலகத்திலேயே அந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. நாம் செய்வதோ தலைகீழ். கன்சோலுக்கு விமர்சனங்களை எல்லாம் படித்துவிட்டு உசத்தியான கார்டு வாங்குவோம். கேமராவுக்கு, பழைய ஃபோனிலிருந்து கழற்றிய மைக்ரோ எஸ்டியை ஒரு அடாப்டரில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கிளம்பிவிடுவோம்.

கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இதை நினைத்து வயிறு கலங்கும். எனக்குப் பிடித்த பகுதி என்பதால் இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

ஃபிளாஷ் நினைவகம் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு. 1984-ல் நார் வகை, 1987-ல் நாண்ட் வகை. இன்று எல்லா மெமரி கார்டிலும் இருப்பது இரண்டாவது. மின்சாரம் கடத்தாத பொருளால் சூழப்பட்ட மிகச் சிறிய இடத்துக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிப் பூட்டிவைக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே கிடக்கும். எவ்வளவு கிடக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் படிப்பது. ஆரம்பத்தில் அப்படி ஒரு இடத்துக்கு, அதாவது ஒரு செல்லுக்கு, ஒரு பிட் (0 அல்லது 1). இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். அப்புறம் அதே செல்லில் 2 பிட் வைத்தார்கள், 3 வைத்தார்கள், இப்போது 4. ஒரு செல்லில் 4 பிட் என்றால் 16 வெவ்வேறு அளவுகளைக் குழப்பமில்லாமல் பிரித்தறிய வேண்டும். விரல் நகத்தைவிடச் சிறிய இடத்தில், 15 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர், ஒரு டெராபைட் அடங்குவதற்கு இந்தக் கெட்டிக்காரத்தனமும், செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் காரணம். ஆனால் செல்லுக்குப் பிட் கூடக் கூட எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். அந்தக் கணக்கைக் கார்டின் முகத்தில் யாரும் அச்சிடுவதில்லை.

எழுதுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நாண்டில் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் பக்கம் பக்கமாக அழிக்க முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். சிலேட்டில் ஒரு வரியைத் திருத்த, மற்ற வரிகளை எல்லாம் வேறொரு சிலேட்டுக்கு மாற்றி எழுதிவிட்டுப் பழையதை முழுக்கத் துடைப்பது மாதிரி. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் செல்லின் காப்புச் சுவர் கொஞ்சம் தேய்கிறது. அதனால் கார்டுக்குள் ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கிறது. ஒரே பிளாக் திரும்பத் திரும்ப அடிபடாமல் எழுத்து வேலையைப் பரப்பிவிடுவது, கெட்ட பிளாக்குகளை ஒதுக்குவது, படிக்கும்போது வரும் பிழைகளைத் திருத்துவது, எந்தத் தகவல் உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்திருப்பது எல்லாம் அதன் பொறுப்பு. குட்டிக் கணினி என்று நான் சும்மா சொல்லவில்லை. 2013 டிசம்பரில் ஹாம்பர்கில் நடந்த 30சி3 என்ற ஹேக்கர் மாநாட்டில் ‘பன்னி’ ஹுவாங் என்ற வன்பொருள் ஹேக்கரும் அவருடைய கூட்டாளியும் ஒரு எஸ்டி கார்டின் உள்ளே இருந்த கன்ட்ரோலரில் தாங்கள் எழுதிய நிரலையே ஓட்டிக் காட்டினார்கள்.

இதனால் கார்டு சாகிற விதமே வேறு. ஒரு ஃபோட்டோ ஆல்பத்தில் ஈரம் பட்டால் நாலு படம் போகும். கார்டில் அந்தப் பட்டியல் சிதைந்தால், செல்களில் எல்லாத் தகவலும் அப்படியே இருந்தாலும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கார்டு காலி. நேற்றுவரை ஓடிய கார்டு இன்று ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். இன்னொரு விஷயம்: பூட்டிவைத்த எலக்ட்ரான்கள் என்றென்றைக்கும் உள்ளே இருப்பதில்லை, மெல்லக் கசிகின்றன. தேய்ந்த கார்டில் கசிவு அதிகம், சூட்டில் இன்னும் அதிகம். படங்களைக் கார்டிலேயே விட்டு அலமாரியில் வைத்து, புதுக் கார்டு வாங்கிக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நெகட்டிவைப் பத்திரப்படுத்துகிற பழக்கத்தின் மிச்சம் அது. நெகட்டிவுக்கு அது சரி.

இப்போது எண்களுக்கு வருவோம். 64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் போட்டால் 59.6 என்று காட்டுகிறதே என்ற பழைய சந்தேகத்தைச் சட்டென்று முடித்துவிடலாம்: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. யாரும் திருடவில்லை.

வேக எண்ணில்தான் விளையாட்டு நடக்கிறது. கார்டில் கொட்டை எழுத்தில் 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதுவும் யூஎச்எஸ்-1 என்ற இணைப்பு முறையின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பிதான். அதைத் தாண்டிய எண்கள் அந்தந்தத் தயாரிப்பாளர் தன் சொந்த உத்தியில், தனக்கு ஒத்துழைக்கிற கார்டு ரீடரில் வைத்து எடுத்தவை. உங்கள் கேமராவுக்கு அந்த உத்தி தெரியாது. யூஎச்எஸ்-2 உண்மையிலேயே வேறு. கார்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டாவதாக ஒரு வரிசைத் தொடுமுனைகள் தெரியும், நொடிக்கு 312 எம்பி வரை போகும். அந்த இரண்டாவது வரிசை உங்கள் கருவியிலும் இல்லையென்றால் அதற்குக் கொடுத்த காசு வீண்.

வீடியோ எடுக்கிறவர் பார்க்க வேண்டியது மூலையில் சின்னதாக இருக்கிற வி என்ற எழுத்தை. வி30 என்றால், தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற வாக்கு. பெரிய எண் உச்சத்தைச் சொல்கிறது, இது குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோவுக்கு (8 பிட் ஒரு பைட் என்பதால்) 12.5 எம்பி போதும், ஆக வி30 தாராளம். அதே வீடியோ ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி தின்றுவிடும் என்பது தனிக்கதை. தொடர்ச்சியாகப் படமெடுப்பவர்கள் கணக்கு இன்னும் பயங்கரம்: 24 மெகாபிக்ஸல், 14 பிட், சுருக்காத ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) ஒன்று 42 எம்பி. நொடிக்குப் பத்துப் படம் என்றால் 420 எம்பி. யூஎச்எஸ்-2 கார்டுகூட அதை வாங்கிக்கொள்ள முடியாது. கேமராவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகமான பஃபர்தான் அந்த வெள்ளத்தைப் பிடித்துவைத்து, அப்புறம் கார்டுக்கு மெதுவாக விடுகிறது. விலையுயர்ந்த கேமராக்கள் சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற இன்னும் வேகமான கார்டு வகைக்குத் தாவியது இதனால்தான்.

கன்சோலுக்கு எழுதும் வேகம் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு தடவை டவுன்லோடு ஆகிவிட்டால் அப்புறம் படிப்பதுதான் வேலை, அதுவும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாக. அதை அளக்கத்தான் ஏ1, ஏ2 குறிகள். ஏ1 கார்டு நொடிக்கு 1500 தடவை சிதறலாகப் படிக்கவும் 500 தடவை எழுதவும் வேண்டும். ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2-வின் வேகம் கருவியும் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் வரும். ஒத்துழைக்காத கருவியில் அது வெறும் ஸ்டிக்கர். ஸ்டீம் டெக், நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் ஆகிய கையடக்க கன்சோல்கள் இரண்டுமே யூஎச்எஸ்-1 வரம்புக்குள் இருப்பவை. அவற்றுக்கு நல்ல பெயருள்ள சாதாரணக் கார்டு போதும் என்பது என் முடிவு. காசு மிச்சமானால் கேமரா கார்டில் போடுங்கள்.

நல்ல பெயர் என்று சொல்லும்போது போலிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேலே சொன்ன குட்டிக் கணினியிடம் பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போலிக் கார்டு தயார். உள்ளே 16 ஜிபிதான் இருக்கும், யார் கேட்டாலும் 512 என்று பதில் வரும். இதில் கொடுமை என்னவென்றால், ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் கார்டின் முன்பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி நிஜம். அதனால் கொள்ளளவைத் தாண்டி எழுதிய பிறகும் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒழுங்காகத் தெரியும். திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம், இல்லையென்றால் திறக்கவே திறக்காது. கன்சோலில் இது நடந்தால் ஏதோ ஒரு கேம் பாழ் என்று செய்தி வரும், அழித்துவிட்டு மறுபடி இறக்குவீர்கள், சந்தேகம் வரவே நாளாகும். கேமராவில் நடந்தால் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற விண்டோஸ் நிரலும், லினக்ஸில் எஃப்3-யும் செய்வது ஒன்றே: கார்டு முழுக்கத் தகவலை நிரப்பி, அதையே திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும். எந்தக் கடையில் வாங்கினாலும் நான் இதைச் செய்கிறேன்.

கையடக்க கன்சோல்களும் சேமிப்பிடமும் ஒத்துப்போகாத கதை நீளமானது. கேம்பாய் காலத்தில் விளையாடிய இடத்தை நினைவில் வைத்திருந்தது கார்ட்ரிட்ஜுக்குள் இருந்த ஒரு சின்ன பட்டன் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சேவ் போச்சு. பழைய கார்ட்ரிட்ஜ்களைத் திறந்து பேட்டரி மாற்றிப் பற்றவைப்பது இன்று ஒரு தனிப் பொழுதுபோக்கு. சோனியின் பிஎஸ்பி 2004-ல் வந்தபோது கேம் இருந்த யூஎம்டி தட்டில் 1.8 ஜிபி வரை கொள்ளும். கூடவே பெட்டியில் வந்த மெமரி ஸ்டிக் டியூவோவிலோ 32 எம்பி. வெறும் சேவ் வைக்கத்தானே என்ற நினைப்பு. அடுத்து வந்த வீட்டாவில் அந்த நினைப்பு தலைகீழாகிவிட்டது: கேம்களை டவுன்லோடு செய்து வாங்கலாம், ஆனால் வைக்க வீட்டாவுக்கென்றே தனியாகச் செய்த கார்டு வேண்டும், 64 ஜிபிக்கு மேல் கிடையாது, அதே அளவுள்ள மைக்ரோ எஸ்டியைவிடப் பல மடங்கு விலை. பிஎஸ்பியில் கள்ளப்பிரதிகள் ஓடியதால் போட்ட பூட்டு என்று பரவலாகச் சொல்வார்கள். பூட்டு போட்டவர்களுக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அருமையான கருவி, அதன் கழுத்தை நெரித்தது அந்தக் கார்டு. கடைசியில் ரசிகர்களே கேம் கார்டு போடும் துளையில் மைக்ரோ எஸ்டி செருகுகிற அடாப்டர் ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் உள் இடம் 32 ஜிபி, அதிலும் ஒரு பங்கு சிஸ்டத்துக்கு. சில கேம்களின் பெட்டியிலேயே மைக்ரோ எஸ்டி தேவை என்று அச்சிட்டிருந்தார்கள். கார்ட்ரிட்ஜில் அடங்காத மீதியை டவுன்லோடு செய்ய வேண்டும். ஸ்விட்சில் பலர் கவனிக்காத ஒன்று: கார்டில் போவது கேம் மட்டும்தான், சேவ் எப்போதும் கன்சோலின் உள் நினைவகத்தில். கார்டை நாய் தின்றாலும் நீங்கள் நூறு மணி நேரம் விளையாடியது போகாது. கன்சோல் தொலைந்தால் போகும், கிளவுடில் நகல் இல்லாவிட்டால். ஆகவே ஸ்விட்சுக்கு ஆகப்பெரிய, ஆக உசத்தியான கார்டு தேடுகிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-வில் உள் இடம் 256 ஜிபி. கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் செல்லும். பழைய மைக்ரோ எஸ்டியைப் போட்டால் அதில் இருக்கிற ஸ்கிரீன்ஷாட், வீடியோக்களை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். திட்டினார்கள் பலர். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. யூஎச்எஸ்-1-ன் 104 எம்பி இன்றைய கேம்களுக்குப் பற்றாது, எக்ஸ்பிரஸ் கார்டு கணினிகளின் எஸ்எஸ்டி பேசுகிற பாஷையையே பேசுகிறது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். வீட்டா கார்டு மாதிரி அடைப்பு இல்லை.

கேமராப் பக்கம் போனால், பெரிய கார்டையே நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். 16 எம்பி கார்டு கொடுத்து கேமரா விற்ற காலத்தில் இடம் போதாமல் நின்ற இடத்திலேயே படங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பசி எவ்வளவு என்றால், 1999-ல் ஐபிஎம் காம்பாக்ட் ஃபிளாஷ் வடிவத்துக்குள் சுழலும் ஹார்டு டிஸ்கையே அடைத்து 340 எம்பி கொடுத்தது. இப்போது 512 ஜிபி கார்டு நிரம்பாததால் யாரும் காலி செய்வதில்லை. மாதக்கணக்கில் ஒரே கார்டு, நகல் இல்லாமல். இடம் கூடக் கூட ஆபத்தில் இருக்கும் படங்களும் கூடுகின்றன. சிறிய கார்டு நிரம்பும்போது உங்களைக் கணினிக்கு முன்னால் உட்கார வைக்கும், அது ஒரு நல்ல குணம். இரண்டு துளை உள்ள கேமராவாக இருந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் எழுதச் சொல்லிவிடுங்கள். இடம் பாதியாகும், கவலைப்படாதீர்கள்.

தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். எழுதுவதை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். கேமரா ஒரு படத்தை அழிக்கும்போது செல்களை ஒன்றும் செய்வதில்லை. பெயர்ப் பட்டியலில் அந்த ஃபைலுக்கான பதிவில் ஒரு அடையாளம் போட்டு, இந்த இடம் இனிக் காலி என்று குறித்துக்கொள்கிறது. கேமராவில் ஃபார்மட் செய்வதும் பல நேரம் பட்டியலைப் புதிதாக எழுதுவது மட்டும்தான். மேலே வேறு படம் எழுதாதவரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல் பட்டியலைச் சட்டை செய்யாமல் கார்டு முழுக்கத் துழாவி, ஜேபெக் ஃபைல் எங்கே தொடங்குகிறது என்று அதன் முதல் பைட்டுகளை வைத்தே கண்டுபிடித்துவிடும். பெயரெல்லாம் போயிருக்கும், படம் வரும். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கிற பூட்டு விசையை மட்டும் நம்பாதீர்கள். அதற்கும் உள்ளே இருக்கிற சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மரியாதை கொடுக்க வேண்டியது ரீடரின் விருப்பம்.

இத்தனைக்கும் பிறகு, கன்சோல் கார்டில் இருப்பது வெறும் பிரதி என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அது வளர்ந்துகொண்டும் போகிறது. 2023 மார்ச்சில் நின்டெண்டோ, ஸ்விட்சுக்கு முந்தைய தன் கையடக்க கன்சோலான 3டிஎஸ்-ன் இணையக் கடை விற்பனையை மூடியது. வாங்கியதை மறுபடி இறக்கிக்கொள்ள இன்னமும் முடிகிறது. அது எத்தனை நாளைக்கு என்பது கடைக்காரர் கையில். டவுன்லோடாக மட்டுமே வெளிவந்த கேம்களுக்கு இனிக் கார்ட்ரிட்ஜும் கிடையாது, கடையும் கிடையாது. ஸ்விட்ச் மாதிரி இல்லாமல், டவுன்லோடு செய்த கேம்களின் சேவ்களையும் 3டிஎஸ் எஸ்டி கார்டிலேயே வைக்கிறது. ஆக அந்தப் பழைய கார்டுகள் இப்போது கேமரா கார்டு வகையில் சேர்ந்துவிட்டன. நகல் எடுப்பது சுலபம்தான்: கார்டைக் கணினியில் போட்டு நின்டெண்டோ 3டிஎஸ் என்ற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் போதும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அந்தந்தக் கன்சோலின் சாவியால் பூட்டியவை, வேறொரு 3டிஎஸ்-ல் அந்த நகலைப் போட்டால் திறக்காது. அதனால் ஃபோல்டரை இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பவர்கள் கன்சோலையும் அவ்வப்போது சார்ஜில் போட்டு, பேட்டரி உப்பவில்லையே என்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்வது நல்லது.